நின்று கெடும் வண்டிகளுக்கு ஒரு குழாய்: பெட்ரோலிய அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மத்தியப் பெட்ரோலிய அமைச்சகத்துக்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருப்பவர்களும் அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளும் சேர்ந்து எழுதுகிறோம். கரும்பு முதலியவற்றிலிருந்து வடிக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலை 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலை நிறுத்துங்கள் என்பது எங்கள் கோரிக்கை அல்ல. கரும்பு விவசாயிக்குக் காசு வருகிறது, கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது. அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்கிலாவது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்று ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025 ஆகஸ்டில் அமைச்சகம் விளக்கம் தந்தது. தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். ஆண்டுக்கு 500 கிலோமீட்டர் ஓடும் வண்டி 20,000-ஐத் தொட 40 ஆண்டாகும். எங்கள் வண்டிகள் ஓடிக் கெடுவதில்லை, நின்று கெடுகின்றன. அந்தக் கெடுதலைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

நிற்க வைப்பதும் அரசு விதிதான். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, 50 ஆண்டு கடந்து ‘வி.ஏ.’ எண் பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். எரிபொருள் நிரப்பப் போகலாமாம். எதை நிரப்புவது என்பதுதான் இப்போது கேள்வி.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அது முழுக்க அந்நியமில்லை. ட்ரையம்ஃப் ஹெரால்டு காரின் சேஸியை (அடிச்சட்டத்தை) குறுக்கித்தான் அதைச் செய்தார்கள். அதே ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உற்பத்தியானது. 1296 சிசி எஞ்சின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க இரண்டு எஸ்.யூ. எச்.எஸ்.2 கார்புரேட்டர். புகையை அளந்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சென்சாரோ கம்ப்யூட்டரோ கிடையாது.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பழைய அளவிலேயே விட்டால் மிக்சர் சுமார் 8 சதவீதம் லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. ஜெட்டின் அடியில் உள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பி ஜெட்டைக் கீழே இறக்குவோம். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை முக்கால் மில்லிமீட்டர் தூக்கிப் பார்ப்போம்: எஞ்சின் தடுமாறி அணைந்தால் இன்னும் லீன், வேகம் கூடி அந்த வேகத்திலேயே ஓடினால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். ஆனால் இது ஐட்லிங்கை மட்டும்தான் சரிசெய்யும். அதற்கு மேல் வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதை ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியான நீடிலின் வடிவம் தீர்மானிக்கிறது. இரண்டு கார்புரேட்டரிலும் நீடிலை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் நெடுஞ்சாலையில் அழுத்தினால் எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் கருகும். 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயம் போனதிலிருந்தே அந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வுகள் உட்காரும் சீட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. கடினமான சீட் போடாத ஹெட்டுக்கு இது இரண்டாவது அடி.

இதையெல்லாம் ஒரு நல்ல மெக்கானிக் சமாளித்துவிடுவார். நிறுத்திவைத்த பின் நடப்பதுதான் கையை மீறுகிறது. இந்தப் பழைய வண்டிகளின் டேங்குகள் வெளிக்காற்றோடு மூச்சு விடுபவை. கடலோர ஊரின் ஈரம் உள்ளே போக, எத்தனால் அதை இழுத்துக்கொள்கிறது. தாங்கும் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் படிகின்றன; பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறது, பெட்ரோல் பம்ப்பின் சவ்வான டயஃப்ரம் விறைக்கிறது. பழைய ஹோஸின் உள்சுவர் கரைந்து கறுப்புத் துகளாக வந்து ஃப்ளோட் ஊசி வால்வில் சிக்கினால் கிண்ணம் வழியும். ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கம். வழியும் பெட்ரோல் சூடான இரும்பின் மேல் விழும். ரப்பர் மாற்றும் செலவு என்று எழுதப்படும் இடத்தில் நாங்கள் தீயைப் பார்க்கிறோம்.

செய்ய முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறோம். எத்தனால் தாங்கும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 தர ஹோஸ், விட்டான் என்ற ரப்பர் முனை வைத்த ஊசி வால்வு, எத்தனால் தாங்கும் டயஃப்ரம். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் டேங்கை வடித்து, கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிடுவது. ஆனால் காலி டேங்கும் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். பெட்ரோலில் கலக்கக் கடையில் விற்கும் மருந்துகள் துருவைத் தள்ளிப்போடலாம்; மிக்சரையும் சரிசெய்யாது, தண்ணீரையும் வெளியேற்றாது.

இரண்டு குழாய் வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபோது, ஈயம் கலந்ததும் 2000 வரை விற்பனையில் இருந்தது. பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10-க்கு மாறியபோது உயர் ஆக்டேன் பெட்ரோலை இ5-ஆகவே விட்டுவைத்தது. நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் அறிக்கையும் பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றே சொன்னது.

கூடுதல் விலை கொடுக்கத் தயார். குழாயில் எத்தனால் சதவீதத்தை எழுதிவையுங்கள், பில்லிலும் அச்சிடுங்கள். இன்று நாங்களே 100 மில்லி அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கிப் பார்க்கிறோம். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ள, அடியில் தண்ணீர் 28 மில்லி அளவுக்கு ஏறி நின்றால் அது இ20.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். டேங்கை நிரப்பி மூடுவதா, வடித்து மூடுவதா என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போரும் பழுது பார்ப்போரும்