பத்தாம் தரத்தில் முரசையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களின் கவனிப்பு 13 வயதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இளவயதில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் முரசு (பல் ஈறு) நோய் தலைகாட்டுவதோ பருவமடையும் காலத்தை ஒட்டித்தான். 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் வாயைத் திறந்து பார்த்தால் சூத்தைப் பல் தெரியும், இது தெரியாது. ஆகவே தரம் 10 பரிசோதனையில் முரசை அளந்தே பார்க்க வேண்டும்.

எல்லாப் பல்லையும் தொட வேண்டியதில்லை. நான்கு முதற் கடைவாய்ப் பற்கள், மேலே வலது நடு முன்பல், கீழே இடது நடு முன்பல் என ஆறு போதும். நுனியில் 0.5 மி.மீ. குண்டும், 3.5 முதல் 5.5 மி.மீ. வரை கறுப்புப் பட்டியும் உள்ள சலாகையை (ஆழம் அளக்கும் மெல்லிய கம்பியை) முரசுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு மெல்லச் சுற்றி நகர்த்த வேண்டும். அழுத்தம் 20–25 கிராம்தான். பட்டி முழுதாகத் தெரிந்தால் ஆழமில்லை. அதில் ஒரு பகுதி மறைந்தாலே எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். முழுதும் மறைந்தால் தாமதிக்கவே கூடாது. இதய வால்வு நோயுள்ள பிள்ளையா என்று முதலில் கேளுங்கள். ஆமென்றால் வைத்தியரைக் கேட்காமல் சலாகை வைக்கக் கூடாது.

அளவு பிழையாவது பெரும்பாலும் இரண்டாம் கடைவாய்ப் பல்லில்தான். 12 வயதளவில் முளைத்துவரும் அதைச் சுற்றி முரசு உயர்ந்திருப்பதால் பொய்யான ஆழம் காட்டும். அதனால்தான் அது ஆறில் இல்லை. "நன்றாகப் பல் தீட்டுகிற பிள்ளை" என்று விட்டுவிடுவது இன்னொரு பிழை. இந்த நோய் அழுக்கே அதிகம் இல்லாத வாயிலும் வரும். 1970 முதல் 15 ஆண்டுகள் நம் மலையகத் தேயிலைத் தொழிலாளர் 480 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வை நினைவூட்டுகிறோம். பல் தீட்டும் வழக்கமே இல்லாத அவர்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு நோய் விரைந்து பரவியது, 11 வீதத்தினருக்கோ முரசு வீக்கத்தைத் தாண்டவில்லை. அழுக்கை மட்டும் பார்த்து ஆளைத் தெரிவு செய்ய முடியாது.

40 பிள்ளைகள் என்றால் உயர் அழுத்த நீராவியில் (ஓட்டோகிளேவ்) கிருமி நீக்கிய 40 சலாகைகள் வேண்டும். டெட்டோலில் தோய்த்து அடுத்த வாயில் வைப்பதென்றால் தொடங்காமலே விடுங்கள்.

மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பிள்ளைகளிடம் வெறும் துண்டுக் கடிதம் கொடுத்தால் அது புத்தகப் பையிலேயே கிடக்கும். கிளினிக் திகதியைக் குறித்து, பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும். இது ஒரே குடும்பத்தில் பலருக்கு வரக்கூடிய நோய் என்பதால் சகோதரங்களையும் அதே நாளில் கூட்டிவரச் சொல்லுங்கள்.

பல் வைத்தியர்கள் சிலர்,
திருகோணமலை.