செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: ஜெனரேட்டர் தானாகக் கிளம்பக் கற்றுக்கொண்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

காபி விவசாயிகளான நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்துக்கான கட்டணத்தில் மாற்றமில்லை. குடிநீர்த் தொட்டி கழுவிச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. ஜீப் பாதையில் மண் சரிந்த இடத்தை உறுப்பினர்களே கூடிச் சீர்செய்தார்கள். மண்வெட்டியோடு வந்தவர்களுக்கும், சோறு ஆக்கி அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி. இவற்றை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆண்டு சங்கத்தின் பணம், நேரம், வாய்ச்சண்டை மூன்றிலும் பெரும்பங்கு ஜெனரேட்டர் கொட்டகைக்கே போனது. அறிக்கையும் அங்கேதான் போகும்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சில வரிகள். கீழ்ப்பழனி மலையில் நம் பகுதிக்கு மின்கம்பி காட்டைக் கடந்து வரவில்லை. களத்தின் ஓரத்தில் நிற்கும் 10 கிலோவாட் சோலார் தகடுகள்தான் நமக்கு மின்வாரியம். இரண்டு வோல்ட் செல்கள் 24 சேர்ந்த 48 வோல்ட், 1000 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதி, ஓர் இன்வெர்ட்டர், இவற்றுக்குத் துணையாக 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் நம் கைக்கு வருவது ஏறத்தாழ 24 யூனிட். தை முதல் வைகாசி வரை இது தாராளம். மதியத்திலேயே பேட்டரி நிரம்பி, மீதி வெயில் வீணாகும்.

சிக்கல் ஐப்பசியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை மலை மீது மேகத்தைப் போர்த்தினால் தகடுகளிலிருந்து கால்வாசி கிடைப்பதும் அரிது. அதே நாட்களில்தான் செடியில் பழம் சிவக்கிறது. பறித்த அரபிகா பழத்தை அன்றே பல்பரில் போட்டாக வேண்டும்; இரவு முழுவதும் மூட்டையில் கிடந்தால் புளித்து, பட்டிவீரன்பட்டியில் விலை பேசும்போது நம் முகத்தில்தான் அடிக்கும். ஆகவே வெயில் குறைகிற மாதமும் மின்சாரம் அதிகம் தேவைப்படுகிற மாதமும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. தகடு விற்றவர்கள் ஆண்டுச் சராசரியைக் காட்டி விற்றுவிட்டுப் போனார்கள். கார்த்திகைக்குச் சராசரி தெரியாது.

இதுவரை ஜெனரேட்டரைக் கிளப்பியது மனிதக் கைதான். யாராவது மீட்டரைப் பார்த்து, மழையில் நனைந்து, காட்டுமாடு நிற்கிற பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போக வேண்டும். யார் போவது என்பதில் நடந்த சச்சரவுகள் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. திரும்ப வாசித்து யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. விளைவு இரண்டு விதமாக இருந்தது. இரவில் போக அஞ்சி, பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருக்கும்போதே மாலையில் கிளப்பிவிடுவார்கள். லோடு குறைவாக ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எரிபொருள் புகைக்குழாயில் கருப்புப் பிசினாகப் படியும், லிட்டருக்குக் கிடைக்கும் யூனிட்டும் குறையும். அல்லது விளக்கு அணைந்த பிறகே போவார்கள். அதற்குள் பேட்டரி அடியாழத்துக்கு இறங்கியிருக்கும். மறுநாளும் மேகம் என்றால் அப்படியே கிடக்கும். பேட்டரிக்கு உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகும். பழைய பேட்டரித் தொகுதி அற்பாயுளில் போனதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து. தண்ணீர் ஊற்றவில்லை என்று யார் மீதும் பழி போட வேண்டியதில்லை.

தானியங்கி அமைப்பு வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்ததும், விற்பனையாளர் ஒருவர் ஏஎம்எஃப் பேனல் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். நகரத்து மருத்துவமனைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இருப்பது அதுதான். மின்வாரிய இணைப்பு போனதும் ஜெனரேட்டரைக் கிளப்பும், இணைப்பு திரும்பியதும் நிறுத்தும். நல்ல சாதனம். ஆனால் நம்மிடம் போவதற்கும் வருவதற்கும் மின்வாரிய இணைப்பு ஏது? அவர் அந்த இடத்தில் இன்வெர்ட்டரின் வெளியீட்டைக் கோத்துவிட்டார். அதாவது, பேட்டரி வறண்டு இன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்ட பிறகுதான் பேனலுக்குச் சேதி போகும். இருட்டில் டார்ச்சோடு மனிதன் போய்ச் செய்ததையே இது மனிதன் இல்லாமல் செய்தது. பேட்டரிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. விற்பனையாளரோ, "விளக்கு அணைந்த பத்தாவது நொடியில் வந்துவிடுகிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டார். விளக்கு அணையவே கூடாது என்பதை அவருக்குப் புரியவைக்க நம் துணைத்தலைவருக்கு ஒரு மதியம் ஆயிற்று.

பேனலைத் தூக்கி எறியவில்லை. அதன் பின்புறம் தொலைவிலிருந்து கிளப்புவதற்கென்று இரண்டு டர்மினல்கள் உண்டு. அந்த இரண்டையும் இணைத்தால் ஓடும், பிரித்தால் நிற்கும். நம் இன்வெர்ட்டரிலும் உபரியாக ஒரு ரிலே, அதாவது தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச், சும்மாவே கிடந்தது. திண்டுக்கல்லிலிருந்து வந்த மின்பணியாளர் இரண்டுக்கும் நடுவே ஒரு ஜோடிக் கம்பி இழுத்தார். இப்போது முடிவெடுப்பது பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர். செல்ஃப் அடிப்பது, எண்ணெய் அழுத்தம் பார்ப்பது, மூன்று முறை முயன்றும் கிளம்பாவிட்டால் முயற்சியை நிறுத்திச் சங்கு ஊதுவது எல்லாம் பேனலின் வேலை. பழைய கைப்பிடி இயந்திரமாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

கம்பி இழுத்தது அரைநாள் வேலை. எந்த நிலையில் கிளம்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எண்களை முடிவு செய்யத்தான் ஒரு பருவம் முழுவதும் பிடித்தது.

வோல்டேஜை மட்டும் நம்பினால் ஏமாற்றும். பல்பர் மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரியும், பிறகு எழும். அதைப் பார்த்து ஜெனரேட்டர் கிளம்பினால் பல்பரைத் தொடும்போதெல்லாம் கொட்டகை உறுமும். பேட்டரி இருப்பு இத்தனை சதவீதம் என்று மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பினாலும் ஏமாற்றும். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிற மீட்டர், பேட்டரி அவ்வப்போது முழுதாக நிரம்பினால்தான் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். மேகம் நீடித்தால் மீட்டர் 60 காட்டும், பேட்டரியில் 45 தான் இருக்கும். ஆகையால் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறோம். இருப்பு 50 சதவீதத்துக்குக் கீழே போனால் கிளம்பும். 47 வோல்ட்டுக்குக் கீழே 15 நிமிடம் விடாமல் நின்றாலும் கிளம்பும். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். அப்போது இவற்றுக்குச் செவிசாய்க்காது. ஆனால் 45 வோல்ட்டுக்குக் கீழே இரண்டு நிமிடம் இருந்துவிட்டால் அமைதி நேரத்திலும் கிளம்பும்.

செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது நான்காவது விதி பற்றித்தான். பழம் எடுக்கும் மாதங்களில் பல்பரும் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்து லோடு உயர்ந்து, இருப்பும் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், பேட்டரி பாதியாகும்வரை காத்திராமல் மாலையிலேயே ஜெனரேட்டர் கிளம்பும். டீசல் வீண் என்று சிலர் எதிர்த்தார்கள். கணக்கு நேர்மாறானது. ஜெனரேட்டர் மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றி, மறுபடி இறக்கிப் பல்பருக்குக் கொடுத்தால் வழியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொலைந்துபோகிறது. எப்படியும் ஓடப்போகிற ஜெனரேட்டர் பல்பர் ஓடும்போதே ஓடினால், பல்பருக்கு நேராகக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பேட்டரியில் ஏற்றும். இயந்திரமும் முக்கால் லோடில் ஓடிப் புகையின்றி இருக்கும். எதிர்த்தவர்களில் இருவர் டீசல் பதிவேட்டைப் பார்த்தபின் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய உரிமை அது.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். 85 சதவீதத்தில் நிறுத்துகிறோம். அதற்கு மேல் ஈய அமில பேட்டரி மின்சாரத்தைத் துளித்துளியாகத்தான் குடிக்கும். அதற்காக 15 கேவிஏ இயந்திரத்தை மணிக்கணக்கில் ஓட்டுவது அநியாயம். மறுநாள் மங்கலான வெயில் வந்தாலும் கடைசிப் பகுதியை அது நிரப்பிக்கொள்ளும். தொடர்ந்து மேகம் என்றால் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வோல்டேஜை 57.6-லேயே பிடித்து வைத்து முழுதாக நிரப்புகிறோம். மீட்டரின் கணக்கும் அன்று நேராகும்.

நாம் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் டர்போ இல்லாத இயந்திரம் தன் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறனைத் தராது. 10 சதவீதத்துக்கு மேல் குறைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரிடமிருந்து எவ்வளவு ஆம்பியர் இழுக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தபிறகுதான் பல்பர் கிளம்பும்போது இயந்திரம் திணறுவது நின்றது. கிளம்பியதும் இரண்டு நிமிடம் சூடேறவும், நிறுத்துமுன் சில நிமிடம் லோடு இல்லாமல் ஆறவும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஆரம்பத்தில் ஜெனரேட்டருக்கு மாறும்போதெல்லாம், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கசிவு பிரேக்கர் விழுந்தது. நியூட்ரலும் எர்த்தும் இன்வெர்ட்டரிலும் ஜெனரேட்டரிலும் ஒரே நேரத்தில் இணைந்திருந்ததுதான் காரணம், சரிசெய்யப்பட்டது.

கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை சங்கு ஊதியதை எல்லோரும் கேட்டீர்கள். ரிலே சரியாகவே சொன்னது, பேனல் மூன்று முறையும் முயன்றது, செல்ஃப் எடுக்கவில்லை. காரணம் ஜெனரேட்டரின் சொந்த 12 வோல்ட் பேட்டரி. கோடையில் வேலையின்றி நின்ற மாதங்களில் பேனல் அதிலிருந்து சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து நிரப்பி வைக்கும் சிறு சார்ஜரை, பேனல் பொருத்தியவர் விலைப்பட்டியலில் சேர்க்கவே இல்லை. பெரிய தொகுதியில் ஆறு செல்களில் மட்டும் கம்பி கோத்து 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் கடுமையாக மறுத்தேன். அந்த ஆறு செல்கள் மற்ற பதினெட்டைவிட எப்போதும் பின்தங்கி, கடைசியில் தொகுதி முழுவதையும் கெடுத்துவிடும். சார்ஜர் தனியாக வாங்கப்பட்டது. இப்போது மாதம் ஒருமுறை, தேவை இல்லாவிட்டாலும், இயந்திரம் தானே கிளம்பி லோடோடு அரைமணி ஓடுகிறது. அன்று ஓடாவிட்டால் கோடையிலேயே தெரிந்துவிடும்.

டீசல் தொட்டியில் மிதவை வைத்திருக்கிறோம். தொட்டி வறண்டு குழாயில் காற்று புகுந்தால், காற்றை வெளியேற்றாமல் எந்தத் தானியங்கியும் இயந்திரத்தைக் கிளப்ப முடியாது. அதனால் குறைந்த அளவைத் தொட்டதும் முன்பே நின்றுவிடும். வத்தலக்குண்டிலிருந்து ஜீப் வர இயலாத நாட்களை மனதில் வைத்துத்தான் அந்த அளவைச் சற்று உயரத்தில் வைத்தோம்.

இனிச் சொல்வதை வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அந்த இயந்திரம் எந்த நேரமும், யாரும் தொடாமல், தானாகக் கிளம்பும். விசிறி அருகே கை வைக்கக் கூடாது. பழுது பார்ப்பவர் பேனலின் சாவியை நிறுத்தத்தில் வைத்து எடுத்துக்கொண்டு, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் குனிய வேண்டும். மழைக்கு ஒதுங்க அந்தக் கொட்டகைக்குள் போகக் கூடாது. கதவை மூடிக்கொண்டு சாக்கு காய வைக்கவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். சிவப்புப் பலகை எழுதி மாட்டியாயிற்று. பலகையின் மேலேயே ஒருவர் துண்டு காயப்போட்டிருந்ததைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் நம் அண்ணனின் வேலை போய்விடும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். போகவில்லை. இரவு ஓட்டம்தான் போயிருக்கிறது. செல்களுக்கு வடிநீர் ஊற்றுவது, அடர்த்தி பார்த்து எழுதுவது, தகடுகளில் படியும் பாசியைத் துடைப்பது, 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவரே. அவருடைய பதிவேடு இல்லாமல் மேலே சொன்ன எண்களை நாங்கள் நிர்ணயித்திருக்க முடியாது. சம்பளத்தைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. இந்த அவை கைதட்டி அதை ஏற்க வேண்டுகிறேன்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு விஷயங்களை வைக்கிறேன். ஒன்று, பெரிய ஜெனரேட்டர் வாங்கலாம் என்ற கோரிக்கை. செயற்குழு இதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தில் தகடுகளைக் கூட்டி, ஐப்பசி முதல் தை வரை தெற்கே சாயும் வெயிலுக்கு ஏற்றபடி அவற்றைச் சற்றுக் கூடுதலாகச் சாய்த்து நிறுத்தலாம் என்பது எங்கள் பரிந்துரை. மேகமூட்டத்திலும் தகடு கூடினால் வரவு கூடும், ஜெனரேட்டர் கிளம்பும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். இரண்டு, அமைதி நேரத்தைக் காலை ஏழு வரை நீட்டக் கேட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்துள்ள மனு. பழம் எடுக்கும் மாதங்கள் நீங்கலாக ஏற்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கணக்கு வாசிப்பு முடிந்ததும் இவ்விரண்டின் மீதும் கை உயர்த்தி வாக்களிக்கக் கேட்டுக்கொள்கிறேன். டீசல் பதிவேடும் இன்வெர்ட்டர் அமைப்பு எண்கள் எழுதிய தாளும் மேசை மீது இருக்கின்றன. வாக்களிக்குமுன் யாரும் பார்க்கலாம்.

இங்ஙனம்,
செயலாளர்