யோனாவுக்கு மேலே உள்ள இரண்டு தகடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயக் கலை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, வியன்னாவை அடுத்த குளோஸ்டர்நொய்பர்க் மடத்தின் எனாமல் தகடுகளை 'எழுத்தறியாதோரின் வேதாகமம்' என்று வருணித்திருந்தது. படங்கள் படிக்கத் தெரியாதவர்களுக்கு நூலாக அமைகின்றன என்று 600ஆம் ஆண்டளவில் திருத்தந்தை கிரகோரி மார்சேய் ஆயருக்கு எழுதியதிலிருந்து வழங்கிவரும் கருத்து இது. சுவரோவியங்கள் பலவற்றுக்கு அது பொருந்தலாம். வெர்டன் நகரத்துப் பொற்கொல்லர் நிக்கொலாஸ் 1181இல் செய்து முடித்த இத்தகடுகளுக்குப் பொருந்தாது.

இவை மூன்று வரிசைகளாக அமைந்தவை. நடு வரிசையில் கிறிஸ்துவின் வாழ்க்கை; மேல் வரிசையில் மோசே சட்டம் பெறுவதற்கு முந்தைய காலம்; கீழ் வரிசையில் சட்டம் வந்ததற்குப் பிற்பட்ட காலம். ஆகவே இவற்றை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஈசாக்கின் பிறப்பு, கிறிஸ்துவின் பிறப்பு, சிம்சோனின் பிறப்பு என்பன போன்ற பத்திகள், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் மூன்று தகடுகள், எளிதில் விளங்கும். சிலுவைப் பத்தியோ அப்படியன்று. மேலே ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முற்படுகிறார். கீழே, வாக்களிக்கப்பட்ட நாட்டை வேவு பார்க்கச் சென்றவர்கள் திராட்சைக் குலையைத் தடியில் தொங்கவிட்டுச் சுமந்து வருகிறார்கள். மரத்தில் தொங்கும் கனிக்கும் மரத்தில் தொங்கும் கிறிஸ்துவுக்கும் உள்ள உறவை, இக்கதை வரும் பழைய ஏற்பாட்டு நூலான எண்ணாகமத்தையும் அதற்கு மறைநூல் அறிஞர்கள் எழுதிய உரைகளையும் அறியாத ஒருவர் தாமாக எப்படிக் கண்டுகொள்வார்? ஒவ்வொரு காட்சியையும் சுற்றி இலத்தீன் எழுத்து வேறு ஓடுகிறது. மடத்துத் தலைவர் வெர்னர் இதைச் செய்வித்தபோது, அன்றாடம் மறைநூல் ஓதும் தம் அகுஸ்தீன் சபைத் துறவிகளையே முதன்மையாக மனத்தில் கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கட்டுரையாளர் இவற்றைத் தூரிகையால் தீட்டியவை என எழுதியதும் சரியன்று. செப்புத் தகட்டைக் குடைந்து, பள்ளத்தில் கண்ணாடித் தூளை நிரப்பி, உலையிலிட்டு உருக்கித் தேய்த்தெடுக்கும் வேலை இது. பின்னணி நீலமாகவும், செதுக்குக் கோடுகளால் ஆன உருவங்கள் பொன்முலாமுடனும் நிற்கின்றன.

இன்று பீடத்தில் இருந்தாலும், இவை முதலில் பிரசங்க மேடையின் முகப்புக்கெனச் செய்யப்பட்டவை. 1330இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின்னரே சிறகுகள் கொண்ட பலிபீடமாக மாற்றி அமைத்தார்கள். அப்போது ஆறு புதிய தகடுகளைச் சேர்த்ததால் 45 என்ற எண்ணிக்கை 51 ஆயிற்று. புதியவற்றைச் செய்தவர்களும் பழைய முறையை நன்கு உணர்ந்திருந்தார்கள்; யூதாசின் முத்தத்துக்கு மேலே காயீன் ஆபேலைக் கொல்வதையும், கீழே நட்புப் பேச்சுப் பேசுவதுபோல் நெருங்கி அப்னேரை யோவாப் குத்துவதையும் வைத்தது தேர்ந்த தெரிவு.

கட்டுரையோடு, பெரிய மீன் விழுங்கிய இறைவாக்கினர் யோனாவின் தகட்டை மட்டும் தனியே வெளியிட்டிருந்தீர்கள். அதற்கு மேலே கிறிஸ்துவைக் கல்லறையில் கிடத்தும் காட்சியும், அதற்கும் மேலே யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் இறக்கும் காட்சியும் உள்ளன. படகிலிருந்து மீனின் வாய்க்குள் இறக்கப்படும் யோனாவின் உடல் ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்பது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த இதழில் அப்பத்தியை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாகர்கோவில்.