முந்தி வந்த வினைச்சொல்

அன்புள்ள சேது,

நல்லாயிருக்கா உன் தங்கச்சி. இதை மனசில் வாங்கிக்கொண்டு மேலே படி. போன மாதம் ஒரு ராத்திரி நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக்குள் நடக்கிறாள், உப்புக் குறைந்த சாம்பாருக்காக என்னோடு சண்டை போடுகிறாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கோபிப்பாய், கோபித்துக்கொள். உன் முழங்கால் எப்படி? பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு உன் பேரிலும் மொய் எழுதிவிட்டேன்.

அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மகன் வந்தான். தூரத்திலேயே அவன் முகத்தைப் பார்த்து, கண்டம் தாண்டியது என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் "பிழைச்சுட்டாங்கப்பா அம்மா" என்று அவன் வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. "டாக்டர் என்ன சொல்றார்னா" என்று தொடங்கியிருந்தால்? நம் மொழியில் வினை கடைசியில்தானே வரும். அதுவரை கேட்பவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஹாஸ்டலில் நீ கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. கம்பராமாயணத்தில் சீதையைக் கண்டுவிட்டு அனுமன் திரும்பும் இடம். "எய்தினன் அனுமனும்" என்று பாட்டு தொடங்குகிறது. வந்தவன் இராமன் காலில் விழவில்லை. சீதை இருக்கும் திசையை நோக்கித் தரையில் விழுந்து வணங்குகிறான். அதைப் பார்த்தே இராமன் எல்லாம் புரிந்துகொள்கிறான். பிறகு எதற்கடா "கண்டனென் கற்பினுக்கு அணியைக் கண்களால்" என்று வினையைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும், அவனுக்குத்தான் தெரிந்துவிட்டதே என்று மல்லுக்கட்டினாய். தெரிவது வேறு, காதில் விழுவது வேறு, சேது. குறிப்பால் அறிந்தவனுக்குத்தான் அந்தச் சொல் இன்னும் அவசரமாக வேண்டும். கம்பனுக்கு அது தெரிந்திருக்கிறது. "கண்களால்" என்பதைக்கூடப் பார், யாரோ சொல்லிக் கேட்டதில்லை என்ற உறுதி. இலங்கை அடுத்த அடியில்தான் வருகிறது. இடம் மெதுவாக வரலாம்.

இதை அழகுக்காகச் செய்த மாற்றம் என்று இனி யார் சொன்னாலும் ஒப்பமாட்டேன். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக" என்பதை "கற்பவை கசடறக் கற்க" என்று நேராக்கிச் சொல்லிப் பார். பொருள் அப்படியே இருக்கிறது, கட்டளை தளர்ந்துவிடுகிறது.

ஆனால் நீ உயிரை விடும் மொழிமாற்று, அதான் சொற்களை இடம் மாற்றிப் பொருள்கொள்ளும் முறை, எனக்கு இன்னும் ஏறவில்லை. "சுரையாழ அம்மி மிதப்ப வரையனைய யானைக்கு நீத்து முயற்கு நிலை" என்று எழுதிவிட்டு, சுரை மிதக்க, அம்மி ஆழ, யானைக்கு நிலை (கால் ஊன்றும் ஆழம்), முயலுக்கு நீத்து (நீந்த வேண்டிய ஆழம்) என்று நாமே மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அங்கே யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள், சொல்! வரிசையாக வரும் சொற்களை அதே வரிசையில் சேர்த்துக்கொள்ளும் நிரல்நிறை அப்படியில்லை. "அன்பும் அறனும்" என்று கேட்டவன் காது, "பண்பும் பயனும்" வரும்போது தானாகவே ஜோடி சேர்த்துக்கொள்கிறது.

செய்யுளில் சொற்களைச் சேர்த்துப் பொருள்கொள்ள நன்னூல் இலக்கணம் சொல்லும் முறைகள், அந்தப் பொருள்கோள் எட்டையும் பேரனுக்கு வகுப்பில் வெறும் பெயர்ப் பட்டியலாக ஒப்பிக்க வைத்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது. நேற்று "வந்தாச்சு தாத்தா நான்" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான். அங்கிருந்தே தொடங்கி இப்போது நானே சொல்லித் தருகிறேன்.

முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பூட்டிக்கொள்ளும் விற்பூட்டுக்கு நல்ல உதாரணம் ஒன்று வேண்டும். நம் புலவர் ஐயா கரும்பலகையில் எழுதிப்போட்ட வெண்பா உன் நோட்டில் இருக்கும். தேடி எழுது. மொழிமாற்றுக்காக வக்காலத்து வாங்குவதானால் நேரில் வா, உன் தங்கச்சியும் கேட்கட்டும்.

அன்புடன்,
மூர்த்தி