அப்பா வரும்வரை விழித்திருக்கும் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளின் எடை, உயரம், தடுப்பூசி பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். தூக்கத்தைப் பற்றி அபூர்வமாகத்தான் வருகிறது. என்னைப் போல் இரவில் தாமதமாக வீடு திரும்பும் தந்தையர் பலர் இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு இரண்டே கால் வயது. நான் வீடு சேர ஒன்பதரை ஆகிவிடும். மகளின் முகம் பார்க்காமல் ஒரு நாள் கழிவதா என்று, நான் வரும்வரை அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தோம். கதவுச் சத்தம் கேட்டதும் ஓடிவருவாள். தூக்கிச் சுற்றுவேன், துரத்தி விளையாடுவேன். அதன்பின் விளக்கை அணைத்தாலும் பதினொன்றரை வரை கட்டிலில் குதிப்பாள். களைப்பே தெரியாத குழந்தை என்று பூரித்தும் போயிருக்கிறேன்.

ஒரு விடுமுறை நாளில்தான் அவளுடைய மாலைப் பொழுதை முழுதாகப் பார்த்தேன். ஏழு மணிக்கு பொம்மையை விட்டுவிட்டு, வலது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டாள். அவளுடைய தூக்க நேரம் அதுதான். நாங்கள் கொஞ்சிக் கொஞ்சி எழுப்பினோம். அரை மணி நேரத்தில் சிணுங்கல், அடம், வீறிட்ட அழுகை. களைப்பு எல்லை மீறினால் சின்னக் குழந்தைகள் துவண்டு படுப்பதில்லை, பரபரப்பாகிவிடுகிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

மனைவி வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் காலை ஏழுக்கு அவளை எழுப்பிவிடுவோம். பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒன்பது மணி நேரம்தான் தேறியது. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். படித்ததும் நெஞ்சு கனத்தது.

முதலில் எழும் நேரத்தைத்தான் மாற்றினோம். விடுமுறை நாளிலும் ஆறரைதான். பகல் தூக்கத்தை மூன்று மணிக்குள் முடித்தோம். படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தி, எட்டு மணிக்குக் கொண்டுவந்தோம். ஏழு மணிக்கே தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்ந்துவிடும், விளக்கு மங்கும். இருட்டியதும் தூக்கத்துக்காக உடலில் சுரக்கும் மெலடோனினைப் பிரகாசமான வெளிச்சம் தடுத்துவிடும். பிறகு குளியல், இரவு உடை, ஒரு படப் புத்தகம். கடைசிப் பக்கத்து வாத்தைத் தொட்டுவிட்டு, சுவிட்சை அவளே அணைப்பாள். எந்த இரவிலும் இந்த வரிசை மாறாது.

தோளில் போட்டுத் தூங்கவைப்பதை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. இரவில் ஒரு தூக்கச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது எல்லாக் குழந்தைகளும் லேசாக விழிப்பார்கள். தோளில் தூங்கிய குழந்தை அப்போதும் தோளைத்தான் தேடும். கண் சொக்கும்போதே படுக்கையில் விட்டு, முதுகில் கை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார் என் மனைவி. முதல் வாரம் அழுகைதான். அந்த வாரத்தின் சிரமம் முழுவதையும் அவர்தான் சுமந்தார். பற்கள் முளைக்கும்போதும் காய்ச்சலின்போதும் எல்லாம் குலைந்தது; குணமானதும் பழைய வரிசைக்கே திரும்பினோம்.

இருட்டறை வாசலில் நின்று அவள் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய அந்த முதல் இரவுகளை மறக்கமாட்டேன். இப்போது காலை ஆறரை முதல் ஏழரை வரை அவள் என்னுடையவள். அழாமல் எழுகிறாள், நேற்றைய வாத்தை நினைவு வைத்துக் கேட்கிறாள்.

தடுப்பூசிக்குச் செல்லும்போது எடையைக் கேட்கும் மருத்துவர்கள், “இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்?” என்றும் கேட்க வேண்டும். எங்களிடம் ஒருமுறைகூட யாரும் கேட்கவில்லை. வயதுவாரியான தூக்க நேரப் பட்டியலை உங்கள் குழந்தை நலப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டே கால் வயது மகளின் தந்தை