விடுமுறைத் திட்டத்தில் விட்டுப்போகும் ஓத நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுப்புறத்தில் சில நாள், கடற்கரையில் சில நாள் என்று குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்புவோருக்காக எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. சிறு குழந்தைகள் என்றால் அது போதும். தூக்கி வண்டியில் உட்கார வைத்தால் வந்துவிடுவார்கள். தோளுக்கு மிஞ்சிய பிள்ளைகளோடு போகும்போது இடத்தைவிட நேரக்கணக்குதான் முன்னால் வர வேண்டும். அதில் இரண்டு கடிகாரங்கள் உண்டு: ஒன்று பிள்ளைகளின் தூக்கம், இன்னொன்று கடலின் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம். இரண்டுமே நம் சொல் கேட்காதவை.

13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் இந்த வயதில் இரவு தாமதமாகவே சுரக்கிறது. நள்ளிரவில் கண்ணயர்ந்த பிள்ளையை 6 மணிக்கு எழுப்பி மலைப்பாதைக்கு இழுத்துப் போனால், நாள் முழுக்க உம்மென்றுதான் வரும். அதைத் திமிர் என்று பெற்றோர் எடுத்துக்கொண்டால் அன்றைய விடுமுறை அத்தோடு போச்சு. ஒரு நாளுக்கு ஒரு பெரிய வேலை, அதுவும் காலைச் சாப்பாடு முடிந்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். விடியலில் கிளம்பியே ஆக வேண்டிய நாள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். எந்த நாள் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி, ஒத்துக்கொள்ள வைத்துவிட வேண்டும்.

வரிசையில் நாட்டுப்புறம் முதலில், கடல் பிறகு. காரணம் எளிது. கடலில் முதல் நாளே தோள் வெந்துவிட்டால், மறுநாள் முதுகுப் பையின் பட்டையைத் தாங்க முடியாது. தவிர, உப்பேறிய துணி லேசில் காயாது. இடம் மாறும் நாளில் பழைய அறையை முற்பகலிலேயே காலி செய்யச் சொல்வார்கள். புதிய அறை பிற்பகலில்தான் கிடைக்கும். இடையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் பாதிச் சண்டை வரும். நீச்சல் உடை, துண்டு, செருப்பு மூன்றையும் தனிப் பையில் போட்டு, சாமான்களுக்கு மேலே வைத்தால், அறைக்குக் காத்திராமல் நேரே கரைக்குப் போய்விடலாம்.

நடைப்பயணத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி. 12 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 3 மணி நேரம். இது நிற்காமல் நடப்பவரின் கணக்கு. படம் எடுக்க, சாப்பிட, ஷூவுக்குள் போன கல்லைத் தட்ட என்று நிற்பதையும் சேர்த்து 4 மணி நேரம் ஒதுக்குங்கள். புல்வெளியில் நடந்து வந்தால் அன்றிரவே முழங்காலின் பின்புறம், இடுப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகக் கூடாது, எண்ணெய் ஊற்றக் கூடாது.

இனி கடல். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். எனவே இன்று பார்த்த நேரம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஆபத்து எங்கே என்றால், தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. வற்றி முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். பார்ப்பவருக்குக் கடல் அசையாததுபோல் இருக்கும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும். வற்றிய நேரத்தில் பாறை முனையைச் சுற்றி அடுத்த குடாவுக்கு நடந்து போனவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்: முன்னால் தண்ணீர், பின்னால் செங்குத்துப் பாறை. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டு, அடிமட்டத்துக்கு வற்றும் நேரத்துக்குள் முனையைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும். பிள்ளைகள் தனியே போவதாக இருந்தால், திரும்ப வேண்டிய நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்துக் கொடுங்கள். "சீக்கிரம் வந்துடு" என்ற சொல்லுக்குக் கடற்கரையில் பொருள் இல்லை.

நீச்சல் தெரிந்த பிள்ளைக்குத்தான் நீரோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். அலைகள் வெள்ளையாக உடையும் வரிசையின் நடுவே, உடையாமல் கறுத்து அமைதியாக ஒரு சந்து தெரிந்தால், குளிக்க வசதியான இடம் என்று தோன்றும். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் பாயும் வழி பெரும்பாலும் அதுதான். அதன் வேகம் சில சமயம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும்; எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவதுதான் மிச்சம். மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக் கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் கரை நோக்கித் திரும்ப வேண்டும். காற்றடைத்த மிதவைகளை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும்போது தண்ணீர் குளம்போலக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் மிதவை ஆளோடு உள்ளே போய்விடுகிறது.

மணலில் பள்ளம் தோண்டுவது விளையாட்டுபோல் தெரியும். முழங்காலுக்கு மேல் ஆழம் போனால் பக்கச் சுவர் சரிந்து ஆளை மூடிவிடக்கூடும். குடும்பத்தில் குட்டையான ஆளின் முழங்கால்தான் அளவு.

சன்ஸ்கிரீன் வாங்குவதிலும் கணக்கு தப்புகிறது. வளர்ந்த ஒருவரின் உடம்புக்கு ஒருமுறை பூசவே சுமார் 30 மில்லி வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். நான்கு பேருக்கு 100 மில்லி பாட்டில் ஒரு தடவைக்கே போதாது.

போனைப் பிடுங்கி வைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. வரைபடம், விளக்கு, அவசர அழைப்பு எல்லாம் அதில்தான். சிக்னல் இல்லாத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும். 10,000 எம்ஏஎச் என்று அச்சிட்ட பவர் பேங்கிலிருந்து போனுக்குப் போய்ச் சேர்வது சுமார் 6,000 சொச்சம்தான். நான்கு பேருக்கு ஒன்று எப்படிப் போதும்? கடல்நீர் பட்ட போனை ஈரம் முழுக்கக் காயும்வரை சார்ஜில் போடக் கூடாது, துளை அரித்துவிடும்.

ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வானிலைப் பகுதியில் சூரியன் உதிக்கும், மறையும் நேரத்தோடு, விடுமுறை மாதங்களிலாவது கடல் ஏறும், வற்றும் நேரத்தையும் துறைமுகவாரியாக வெளியிட முடியுமா? இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்