பர்மிங்காம் குளிரில் ஒரு வண்டி வேலை

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? மதினி கொடுத்துவிட்ட பருப்புப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறேன்.

போனில் எவ்வளவு பேசினாலும் ஒரு வேலையை விவரமாகச் சொல்ல முடிவதில்லை. நீங்கள் கேட்க ஆரம்பிக்கும்போதே பட்டறைக்கு ஆள் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பைக்குக்கு, ஹேண்டில்பாரில் கை பிடிக்கிற இடத்தில், மின்சாரத்தில் சூடாகும் கிரிப் மாட்டிவிட்டேன், அண்ணே. வீட்டுக் கொல்லையிலேயே, என் கையாலேயே செய்தேன். ஒவ்வொரு ஒயரையும் உங்களிடம் காட்டவேண்டும் போல இருக்கிறது.

முதலில் இந்த ஊர்க் குளிரைச் சொல்லவேண்டும். நம் மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு திருமங்கலத்திலிருந்து ஆரப்பாளையம் வரை வெள்ளனாவே போய்வந்துவிடலாம். இங்கே டிசம்பரில் பொழுது விடிய எட்டேகால் மணி ஆகிறது. சாயங்காலம் நாலு மணிக்குள் இருட்டிவிடுகிறது. என் காலை ஷிஃப்ட் 7 மணிக்கு. ஆக, போவதும் இருட்டில், வருவதும் இருட்டில்தான். வெளியே 5 டிகிரி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று சூட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போய், தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி மாதிரி உறைக்கும். ஜாக்கெட் நெஞ்சைக் காப்பாற்றிவிடும். கை மட்டும் காற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நர்ஸிங்கில் பாடமாகப் படித்ததை இங்கேதான் என் விரலிலேயே பார்த்தேன். குளிர் ஏறினால் உடம்பு இதயம் மாதிரியான உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகிற ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். முதலில் விரல் வலிக்கும். பிறகு வலி நின்றுவிடும். நின்றதும் நிம்மதியாக இருக்கும், ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அப்போது விரலுக்குத் தெரியாது. தடித்த கையுறை போடலாம்தான். போட்டால் லீவரின் அசைவு கைக்கு எட்டுவதில்லை, இண்டிகேட்டர் சுவிட்சைத் தடவித் தேடவேண்டியிருக்கிறது.

வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பாடுதான். வார்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள். தோல் மெலிந்து, நரம்பு கைக்குச் சிக்காமல் நழுவும். விரல்நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்துத்தான் ஊசிக்கு இடம் கண்டுபிடிக்கவேண்டும். விறைத்த விரலுக்கு அது தெரியாது. ஜில்லென்ற கையை அவர்கள் மேல் வைக்கவும் மனம் வராது. நான் வெந்நீரில் கை வைத்துக்கொண்டு நிற்க, இரவெல்லாம் கண் விழித்த நர்ஸ் எனக்காக வீட்டுக்குப் போகாமல் காத்திருப்பார். அது எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் போகலாமே என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது. அந்த நேரத்துக்கு என் பக்கம் நேரடிப் பஸ் கிடையாது. வண்டிதான் கதி.

வண்டி பழைய ராயல் என்ஃபீல்டு, சென்னைப் பக்கம் செய்தது. இந்தக் கம்பெனி பிறந்த ரெட்டிச் என்ற ஊர் பர்மிங்காமுக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. 1901இல் முதல் வண்டி செய்தார்கள், 1955இல் மதராஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார்கள், பிறகு இங்கே மூடிப்போனது. நம்மிடம்தான் உயிரோடு இருந்தது. இன்னொன்று, கிழக்கே சோலிஹல்லில் நார்ட்டன் தொழிற்சாலை இருக்கிறதே, அந்தக் கம்பெனியை 2020இல் வாங்கியது டிவிஎஸ். 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் மதுரையில் தொடங்கியதன் வழிவந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். கிரிப் பார்க்கச் சாதாரண ரப்பர் மாதிரிதான் இருக்கும். உள்ளே மெல்லிய மின்தடைக் கம்பி ஓடுகிறது, அயர்ன் பாக்ஸில் இருப்பதைப் போல. 12 வோல்ட்டில் ஓடும். நான் வாங்கியது ஐந்து நிலை உள்ளது. முழுச் சூட்டில் ஜோடிக்குக் கிட்டத்தட்ட 4 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது 50 வாட் பக்கம். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் மணிக்கணக்குக்குக் கூலி போடுவார்கள். ஆனால் காசுக்காக மட்டும் நானே செய்யவில்லை. பட்டறையில் உங்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன், இதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

பேட்டரியில் முதலில் நெகட்டிவைத்தான் கழற்றினேன். நீங்கள் அதட்டிச் சொல்லிக் கொடுத்த வரிசை. பாசிட்டிவை முதலில் தொட்டு, ஸ்பானர் சேஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும். பிறகு டேங்க்கைத் தூக்கி ஓரமாக வைத்தேன். பழைய கிரிப்பைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, இடது பக்கம் பார் கம்பியை ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்தேன்.

ஆக்சிலேட்டர் பக்கம்தான் பொறுமை வேண்டும். வலது கிரிப் உட்காருவது கம்பியின் மேல் அல்ல, கேபிள் இழுக்கும் பிளாஸ்டிக் குழாயின் மேல். அதில் பழைய கிரிப் நழுவாமலிருக்க வரிவரியாக மேடு இருக்கும். அந்த மேட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கவேண்டும். கொஞ்சம் தேய்ப்பது, பசை போடாமல் மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. ஒரேயடியாகத் தேய்த்தால் குழாய் மெலிந்து நாளைக்குப் பிளக்கும். உங்கள் பட்டறையில் பையன்கள் அவசரப்படுகிற இடம் இதுவாகத்தான் இருக்கும், கூடவே நில்லுங்கள்.

பசை நம் ஃபெவிக்விக் ஜாதி, வைத்த மாத்திரத்தில் பிடித்துவிடும். அதனால் முதலில் பசையில்லாமல் மாட்டி, ஒயர் எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று பார்த்து, பாரிலும் கிரிப்பிலும் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் ஒயர் பிரேக் லீவரில் இடிக்கக்கூடாது. சுவிட்ச் பெட்டிக்கும் கிரிப்புக்கும் நடுவே நூலிழை இடைவெளி விடவேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் உரசும், ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பாது. இந்த வேலையிலேயே உயிருக்கு உலை வைக்கிற இடம் அதுதான், அண்ணே. முடித்ததும் ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, இரண்டு கோடியிலும் ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பார்த்தேன். டக்கென்று திரும்பியது. ஒயர் எங்கேயும் இழுபடவில்லை.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தாலும் வேலை செய்யும். சாவியை எடுத்த பிறகும் அணைக்க மறந்தால் காலையில் பேட்டரி செத்திருக்கும். அதனால் ரிலே வைத்தேன், சின்ன மின்சாரம் தட்டினால் பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கிற சுவிட்ச். 30ஆம் காலுக்குப் பேட்டரி பாசிட்டிவ், 87இலிருந்து கிரிப்புக்கு, 85 எர்த், 86க்கு டெய்ல் லைட் ஒயரிலிருந்து ஒரு கிளை. சாவி போட்டால் டெய்ல் லைட்டுக்கு வரும் மின்சாரம் ரிலேயைத் தட்டிவிட, கனமான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி வழியில் போகும். வண்டியின் பழைய ஒயரில் பாரம் ஏறாது. 7.5 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்கு ஒட்டியே வைத்தேன். அதற்கு அப்புறம் எங்கே ஒயர் உரசி சேஸில் பட்டாலும் ஃபியூஸ் போய்விடும், வண்டி பிழைக்கும். ஒயர்கள் சேரும் இடங்களை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடவில்லை, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுக்கிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். இங்கே பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புத்தண்ணீர் நுழைந்தால் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். செயினும் அதே கதிதான், விடுமுறை நாளில் கழுவி எண்ணெய் போடுகிறேன்.

ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். மாட்டிய பிறகு வலது கை நன்றாகச் சுட, இடது கை இதமாக மட்டும் இருந்தது. வலது கிரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக், இடதுக்கு அடியில் நேராக இரும்பு. இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கிரிப் ஏறுமளவுக்கு இடம் இருந்தால் சிலர் இடது பாரில் ஹீட் ஷ்ரிங்க் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு மாட்டுகிறார்கள். எனக்கு இந்த இதமே போதும்.

முதல் நாள் ஓட்டிப் போனபோது மெல்லிய கையுறைதான் போட்டிருந்தேன். வார்டில் நுழைந்ததும் வெந்நீருக்குப் போகாமல் நேராக ஒரு பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். கை சூடாக இருக்கிறது என்று அவர் என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டார்.

இனி, இந்தக் கடிதம் எழுதியதன் முக்கியக் காரணம். பூம்பாறை மச்சான் உறைபனி நேரத்திலும் விடியற்காலையில் பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறார் என்று அக்கா சொன்னாள். அந்த வளைவுகளில் விரல் விறைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இது சொகுசு இல்லை அண்ணே, பிரேக் மாதிரி ஒரு காவல். அவர் வண்டிக்கும் செய்து கொடுங்கள், செலவு என்னுடையது.

ஆனால் என் வண்டி வேறு, அவர் வண்டி வேறு. அது 100 சிசி, பேட்டரியின் கொள்ளளவு 3 ஆம்பியர்-மணிதான் (Ah). 4 ஆம்பியர் இழுத்தால், சார்ஜ் ஏறாத நேரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் முதலில் காற்றை மறையுங்கள். சீட் கவர் தைக்கிறவரிடம் சொல்லி, ஹேண்டில்பாரோடு கையையும் லீவரையும் மூடுகிற மாதிரி ரெக்ஸின் உறை ஒன்று தைக்கச் சொல்லுங்கள், உள்ளே கம்பளித் துணி வைத்து. வாய் அகலமாக இருக்கட்டும், கை சட்டென்று வெளியே வரவேண்டும். காற்று வேகத்தில் உறை மடங்கி பிரேக் லீவரை அழுத்தாமல் விறைப்பான பட்டை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். புறங்கைக்கு இதுதான் துணை. கிரிப் எவ்வளவு சுட்டாலும் உள்ளங்கைக்குத்தான்.

உறை போட்டால் கிரிப்பில் இரண்டாம் நிலைச் சூடே போதும், இழுப்பும் பாதிக்குக் கீழே வந்துவிடும். வண்டி தாங்குமா என்று அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். என் வண்டியில் எஞ்சின் அணைத்திருக்கும்போது 12.7 வோல்ட், ஹெட்லைட்டும் முழுச் சூடும் போட்டு 3000 ஆர்பிஎம்மில் 13.9. மச்சான் வண்டியில் 13க்குக் கீழே இறங்கினால் கிரிப் வேண்டாம், உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டக்கூடாது. சார்ஜும் ஏறாது, எஞ்சின் பிடித்து நிறுத்துகிற பலமும் போய்விடும். நான் சொன்னால் சிரிப்பார், நீங்கள் சொன்னால் கேட்பார்.

பொங்கலுக்கு அவர் கீழே வரும்போது வண்டியைப் பட்டறைக்கு வாங்கி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எஞ்சின் அணைத்து ஒன்று, ஐடிலில் ஒன்று, ஹெட்லைட் போட்டு ஆக்சிலேட்டர் கொடுத்து ஒன்று. மூன்று அளவையும், கிரிப் குழாயின் வெளிச் சுற்றளவையும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் சரியான ஜோடி வாங்கவேண்டும். சித்திரையில் ஊருக்கு வரும் நண்பர் ஒருவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ரிலேயும் ஃபியூஸும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவை மாத்திரையை வேளைக்குப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி